அம்மா நாளைக்கு வருவாங்க

திருவொற்றியூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவருகே பீம்ராவ் வந்து நின்றபோது மணி பத்தேகால். ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து வந்திருந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த விடுப்புக் கடிதம். தன் தாயாருக்கு உடல்நிலை மிகவும் மோசமாக இருப்பதாகவும், பேத்தியைப் பார்க்க ஆசைப்படுவதாகவும், ஆகவே நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் தன் மகள் பீ. மதிக்கு இன்றும் நாளையும் விடுப்பு அளிக்கும்படியும் எழுதியிருந்தான். அவனுடைய அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது.

வகுப்பாசிரியை நவ்ரீன் வெளியே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"மதியோட அப்பாவா சார்? எப்பவும் அம்மாதானே வருவாங்க. உங்களைப் பார்த்ததே இல்லையே."

"ஷிப்ட் வேலை மேடம். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டுல. அதான் வர முடியறதுல்ல." ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினான்.

"அம்மாவுக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு அனுப்பறேனே."

"அவங்கதான் மேடம் ஆஸ்பத்திரில கூட கீறாங்க. உள்ள ஃபோன் வுடமாட்டேன்றாங்க."

நவ்ரீன் கொஞ்சம் தயங்கினாள். அதற்குள் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மதி நடைபாதையில் வருவது தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டில் காலில் இடிக்க இடிக்க ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பா! இன்னாப்பா ஸ்கூலுக்கே வந்துட்ட?" அதற்குமேல் யார்தான் சந்தேகப்படுவார்கள்? நவ்ரீன் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"பாட்டிக்குச் சரியாயிடும் சார். திங்கட்கிழமை கணக்கு டெஸ்ட் இருக்கு, அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க."

"வந்துருவோம் மேடம்," என்றான் பீம்ராவ். அப்படித்தான் நினைத்திருந்தான்.

பீம்ராவும் ரமாபாயும் பிரிந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்தின்போது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பே சிரித்தது. சட்டம் எழுதினவரு பேரும் அவரு சம்சாரம் பேருமா பேர்ப் பொருத்தம் இப்படி அமைஞ்சப்புறம் வேற பொருத்தம் எதுக்குப் பாக்கணும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லித்தான் மாலை மாற்றிக்கொண்டார்கள். ரமாபாய் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தவள். அவன் கண்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன். குடிப்பழக்கம் கிடையாது. கை நீட்டியதும் இல்லை. வேலை, வேலை என்று கிடந்தான். ஆள் வரவில்லை என்று யார்டில் சொன்னால் அடுத்த ஷிப்டுக்கும் தலையாட்டிவிடுவான். ஒவ்வொரு ஏப்ரலிலும், "இந்த மே மாசம் கண்டிப்பா எங்கனா போறோம்," என்பான். மே மாதம் வந்து போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ரமாபாய் நாலு மாதக் கர்ப்பத்தோடு வீட்டில் தனியாக இருந்தபோது ரத்தம் போக ஆரம்பித்தது. அவள் அவனுக்கு ஃபோன் செய்துகொண்டே இருந்தாள். வண்டியில் ஏறும்போது ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது யார்டின் விதி. அன்றைக்கு அவனுக்கு இரட்டை ஷிப்ட். எதிர்வீட்டு கெங்கம்மாதான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலையில் பீம்ராவ் வந்து சேர்ந்தபோது குழந்தை இல்லை.

"வேலைல இருந்தேன் ரமா. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?" என்று கேட்டான்.

அவன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அதன் பிறகு அவர்களுக்குள் சண்டைகூட இல்லை, பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஜூன் மாதம் அவள் மதியைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் இருக்கும் அண்ணன் பகலவன் வீட்டுக்குப் போனாள். பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வழக்கு நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் ரமாபாய் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை வேறு மாதிரி பார்ப்பார்கள் என்று பயந்தாள்.

மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், குடும்பநல நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கான அறையில் பீம்ராவ் மகளைப் பார்க்கலாம். சுவரில் மிருகங்களின் படம் ஒட்டிய அறை. சக்கரம் போன பொம்மை வண்டிகள். மூலைக்கொரு அப்பா, மூலைக்கொரு அம்மா. இந்த ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதி அங்கே தன் தமிழ்க் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

'கோடை விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா. நானும் அம்மாவும் அப்பாவும் ஏற்காடு சென்றோம். ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம். ஏற்காட்டில் மேகம் கீழே இறங்கி வரும். அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். அம்மா சிரித்தார். நாங்கள் மூவரும் படகில் சென்றோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.'

கீழே சிவப்பு மையில் 'மிக நன்று' என்றிருந்தது.

"எப்பமா போன நீ?"

"போகலப்பா. உமைமா இல்ல, என் பக்கத்துல குந்துவாளே, அவ போனா. அவ சொன்னத எழுதிட்டேன். எல்லாரும் எழுதியே ஆவணும்னாங்க மிஸ்." வருத்தமே இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அன்றிலிருந்து பீம்ராவுக்கு வேறு நினைப்பில்லை. முறையாகத்தான் முயன்றான். மச்சானைத் தேடிப்போய், மூன்று நாள், வேண்டுமானால் ரமாவும் வரட்டும், என்று கேட்டான். பகலவன் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், நிதானமானவர்.

"அவ ஒத்துக்க மாட்டா மாப்ள. ஸ்கூல் நடக்கும்போது லீவு போட வுடவே மாட்டா. நீ வக்கீல வெச்சி மனு போடு." கொஞ்சம் தள்ளி நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலாண்டு பரீட்ச முடிஞ்சதும் ஓசூர் போறாங்க. அங்க ஒரு ஆஸ்பத்திரில ரமாவுக்கு வேல கெடச்சிருக்குது. உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

மனுவை அக்டோபரில்தான் எடுப்பார்கள் என்றார் வக்கீல். அக்டோபரில் மதி ஓசூரில் இருப்பாள். இதற்கப்புறம்தான் அவன் அந்தக் கடிதத்தை எழுதினான்.

*

மத்தியான ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மதி கேட்டாள்: "அம்மாக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்டா கண்ணு."

"அம்மா வரலியா?"

"வேல கீதுல்ல. நாளைக்கு வருவாங்க."

யோசித்து வைத்த பதில் இல்லை அது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாயில் வந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தபின் அதைத் திருப்பி எடுக்க அவனால் முடியவில்லை. "மூணு பேருமா!" என்று சொல்லி, இருக்கையிலேயே ஒரு குதி குதித்தாள். பெரம்பூர் தாண்டுவதற்குள் அவன் ஃபோனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை திரும்பியதும் ரமாபாய் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், காலில்கூட விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். மூன்று நாள் அவள் எப்படி இருப்பாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

சேலத்தில் லாட்ஜ் அறையில், மதிக்கென்று எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வாங்கி வைத்திருந்த கவுனையும் ஸ்வெட்டரையும் வெளியே எடுத்தான். கவுன் முழங்காலுக்கு மேலே நின்றது. ஸ்வெட்டரில் மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே கை முடிந்துவிட்டது. வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு இருந்த மதியின் அளவு அது. கடையில் நின்றபோது அவனுக்கு அந்த மதிதான் கண்ணில் இருந்தாள்.

"பரவால்லப்பா, ஃபேஷன்தான்," என்றாள் மகள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மலைப் பேருந்தில் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு மதி அவன் மேல் சாய்ந்து சிரித்தாள். ஏரியில் படகு ஓட்டினார்கள். மிதிக்கிற படகு. அவளுக்குக் கால் எட்டவில்லை, அவன் ஒருவனே மிதித்தான். மூன்று மணிவாக்கில் மலை விளிம்பில் நின்றுகொண்டிருந்தபோது பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. எதிரே இருந்த மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஒன்பது வயதுப் பெண்ணின் கனம் கழுத்தை அழுத்தியது. மேலே அவள் வாயைத் திறந்து மேகத்தைக் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே டேஸ்ட் இல்லப்பா!"

பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு புகைப்படக்காரர் அருகே வந்து, உடனே பிரதி கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"இப்ப வாணாம் அண்ணா. எங்கம்மா வந்துட்டா எடுத்துக்கிறோம்," என்றாள் மதி, தோளின் மேலிருந்தபடியே.

ஃபோனும் அணைந்து கிடந்ததால் அந்தப் பயணத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் போகலாம் என்றாள். சேலத்திலிருந்து ஏறிவந்த மூன்று பேருந்துகளில் இறங்கியவர்களை முகம் முகமாகப் பார்த்தாள். "பஸ் கெடச்சிருக்காது. நாளைக்கு வருவாங்க," என்றான் பீம்ராவ். ஃபோன் போட்டுக் கேட்கலாமா என்றாள். மலையில் சிக்னல் இல்லை என்றான். பக்கத்துக் கடைக்காரர் ஃபோனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மதி அவரையே பார்த்துவிட்டு நடந்தாள்.

*

சனிக்கிழமை காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எங்கே கூப்பிட்டும் வரவில்லை. ரோஜாத் தோட்டம் வேண்டாம். ஏரி வேண்டாம். வந்து நின்ற ஒரு பேருந்தின் நடத்துநரிடம் போய், "மெட்ராஸ்லேர்ந்து வரவங்க இந்த பஸ்லதான் வருவாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். திரும்பி வந்து பெஞ்சில் உட்காராமல் அவன் எதிரே நின்றாள்.

"நீ அம்மாகிட்ட சொல்லவே இல்ல. இல்லப்பா?"

பீம்ராவ் கிளம்பிப் போகிற பேருந்தைப் பார்த்தான்.

"அம்மா நேத்து முந்தாநாள் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னுருப்பாங்க. நான் வராம இருந்திருப்பேன்." சொல்லச் சொல்ல அவளுக்கு அந்தக் காட்சி தெரிந்துவிட்டது. கண்கள் பெரிதாகின. "அம்மா அழுதுருப்பாங்கப்பா!"

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க அழுதான். மதி அவன் அருகில் வந்தாள். பிறகு அவன் தலையில் கை வைத்து, அம்மா தனக்குச் செய்வதுபோலவே தட்டிக் கொடுத்தாள். "அழாதப்பா. ஃபோன் குடு, நான் பேசறேன். நான் திட்ட வாணான்னு சொல்றேன்."

ஃபோனுக்கு உயிர் வந்ததும் அது கையில் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. தவறிய அழைப்புகள் முடிகிற வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான்தான். ஏற்காட்டுல கீறோம்."

எதிர்முனையில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரமாபாய் கேட்டாள்: "சாப்ட்டியாமா?" பிறகு, "அப்பாகிட்ட குடு."

அவள் குரல் கம்மிக் கிடந்தது. கத்திக் கத்தித் தேய்ந்த குரல்.

"உயிரோட கீதான்னு தெரியாம ரெண்டு நாளா அலையறேன். வியாசர்பாடி வூடு பூட்டிக் கெடக்குது. யார்டுல கேட்டா வரலன்றாங்க. ஃபோன் ஆஃபு. எண்ணூர் ரோட்டுல கடலோரம் கொட்டி வெச்சிருக்காங்களே கல்லு, அதுல எறங்கி எறங்கிப் பாத்தேன். நேத்து காலைல ஒரு பாடி ஒதுங்கிச்சின்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. அங்கயும் போனேன். யாரோ வேற ஆளு. மூஞ்சியப் பாத்துட்டுதான் வந்தேன்."

பீம்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

"இன்னா ரமா பேசற... என் கொழந்தைய நான்... நான் அப்டியாப்பட்ட ஆளா?"

"இல்லன்னுதான் இருந்தேன். ஃபோனு ஆஃப்ல கெடந்தா நான் இன்னாத்த நெனைக்கறது?" அவள் மூச்சு வாங்கினாள். "முன்ன நான் சாவக் கெடந்தப்பவும் இதேதான். ரிங்கு போய்கினே இருந்துச்சு. இந்தவாட்டி அதுகூட போகல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஒண்ணியும் சொல்லாத," என்றாள். "அங்கயே இரு. நாங்க வரோம். ஃபோன மட்டும் ஆஃப் பண்ணாத. காலப் புடிச்சிக் கேக்கறேன்."

அரை மணி நேரத்தில் உள்ளூர்க் காவலர்கள் வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பெண் காவலர் ஒருவர் மதிக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து மதி திங்கட்கிழமைப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். அவ்வப்போது தலையைத் தூக்கி, அப்பா அங்கேயே இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கார் வந்தது. ரமாபாய் ஓடிவரவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குள் மதி தெரிகிறாளா என்று பார்த்தாள். பிறகு படியேறி வந்து மதியின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் தடவினாள். கைகளை விரித்துப் பார்த்தாள். ஷூவைக் கழற்றிக் கால் விரல்களைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். பிறந்த குழந்தையைத்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

"அப்பாவத் திட்டாதம்மா," என்றாள் மதி. "மேகம் நெஜமாவே கீழ வந்துச்சி. உனக்குக் காட்டலாம்னுதான் போட்டோகூட எடுக்கல."

ரமாபாய் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். குட்டையாக இருந்த ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடப் பார்த்தாள். அது எட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பீம்ராவ் பெஞ்சிலிருந்து எழுந்தான். ரமாபாயோடு காரில் வந்திருந்த பகலவன் அவன் தோளில் கைவைத்து உட்காரச் செய்தார். "வாணாம் மாப்ள," என்று மட்டும் சொன்னார். அந்தக் கையில் முரட்டுத்தனம் இல்லை. மகளும் அம்மாவும் காரில் ஏறினார்கள். மதி பின் கண்ணாடி வழியாகக் கை காட்டினாள். காரின் சிவப்பு விளக்கு பனிமூட்டத்தில் சீக்கிரமே மறைந்துவிட்டது. மூன்று பேரும் ஏற்காட்டில் ஒன்றாக இருந்தது கால் மணி நேரம் இருக்கும்.

*

கடத்தல் வழக்கு எதுவும் வேண்டாம் என்று ரமாபாய் எழுதிக் கொடுத்ததால் அவன் சிறைக்குப் போகவில்லை. ஆனால் நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. நீதிபதி மதியைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே நடந்ததை வக்கீல் பிறகு பீம்ராவிடம் சொன்னார். அப்பா அடித்தாரா என்று கேட்டதற்கு இல்லை என்றாளாம். பயந்தாயா என்று கேட்டதற்கு, பஸ் ஸ்டாண்டில் பயந்தேன் என்றாளாம். அப்பாவைப் பார்க்க வேண்டுமா என்றதற்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, "பாக்கணும். ஆனா எங்கயும் கூட்டினு போகக் கூடாது," என்றாளாம்.

ஆறு மாதம் பார்க்கக் கூடாது, அதன் பிறகு மாதம் ஒருமுறை மட்டும், கண்காணிப்பில், என்று உத்தரவாயிற்று.

அக்டோபரில் ஒருநாள் பீம்ராவ் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றான். மதி ஓசூர் போய்விட்டிருந்தாள். அவன் காத்திருந்தது நவ்ரீனுக்காக. அவனைப் பார்த்ததும் அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன் மேடம். வேற ஒண்ணியும் இல்ல."

"எனக்கு மெமோ குடுத்தாங்க சார். அம்மாகிட்டப் பேசாம பிள்ளையை எப்படி அனுப்பினேன்னு கேட்டு. இந்த டெர்மோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

"நான் வந்து பேசறேன் மேடம். எல்லாம் என் தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"வேணாம் சார். அவங்க சொன்னது சரிதான். நான் ஃபோன் பண்ணியிருக்கணும்." அவள் கண் கலங்கியது. கோபமும் இருந்தது. "உங்களைப் பார்த்ததும் அவ ஓடிவந்தா பாருங்க. அதை நம்பிட்டேன். இனிமே எந்தக் குழந்தை அப்படி ஓடினாலும் நான் சந்தேகமாத்தான் பார்க்கணும்."

பேருந்து வந்தது. அவள் ஏறிப் போனாள்.

ஆறு மாதமும் போயின. பீம்ராவ் இரட்டை ஷிப்ட் பார்ப்பதை விட்டுவிட்டான். எட்டு மணி நேரம் முடிந்ததும் இறங்கி, லாக்கரைத் திறந்து ஃபோனைப் பார்ப்பான். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். அவன் வீட்டுக்குப் போவான்.

மார்ச் மாதத்து சனிக்கிழமை ஒன்றில், நீதிமன்றத்தின் அதே குழந்தைகள் அறைக்கு ஓசூரிலிருந்து மதி வந்தாள். வளர்ந்திருந்தாள். சடையை மடித்துக் கட்டியிருந்தாள். ஓடிவரவில்லை. நடந்து வந்து, "நல்லா கீறியாப்பா?" என்று கேட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரமாபாய் வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தாள். வராந்தாவில் கூட்டம் அதிகமாகிச் சத்தம் வரவே, அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மதி சட்டென்று எழுந்தாள். "ஆன்ட்டி, கதவு தொறந்தே இருக்கட்டும்."

"சத்தமா இருக்கேம்மா."

"பரவால்ல ஆன்ட்டி. ப்ளீஸ்."

கதவு மறுபடியும் திறந்தது. மதி அப்பாவைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீம்ராவ் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் கதவுக்கு அருகில் இருந்தது. அவன் எழுந்தான்.

"நீ இங்க வந்து குந்திக்கோ கண்ணு. காத்து வரும்."

இடம் மாறிக்கொண்டார்கள். அங்கிருந்து அவளுக்கு அம்மாவின் தோளும் பாதி முகமும் தெரிந்தது. மெல்ல மெல்ல அவள் உடம்பின் விறைப்பு தளர்ந்தது. ஓசூர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்களாம். கணக்கில் இவள்தான் முதலாம். அடுத்த வாரம் வகுப்பையே அணைக்கட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்களாம்.

"நீ போறியா?"

"இல்ல. பேர் குடுக்கல."

"ஏன்டா?"

"சும்மாதான்."

"போய்ட்டு வாடா கண்ணு. மிஸ்ஸுங்கல்லாம் கூட இருப்பாங்க. சாய்ந்தரம் அம்மா கேட்டாண்டயே வந்து நிப்பாங்க. ஒண்ணியும் ஆவாது."

"பாக்கலாம்பா," என்றாள், பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்கிற குரலில்.

நேரம் முடிந்தது. மதி தண்ணீர் குடிக்கப் போனபோது பீம்ராவ் வராந்தாவுக்கு வந்து ரமாபாயிடம் இரண்டடி தள்ளி நின்றான். ஆறேழு மாதத்தில் அவளிடம் பேசும் முதல் பேச்சு.

"டூருக்கு அனுப்பு ரமா. என்னால போகாம இருக்கப் போறா."

"நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்," என்றாள் ரமாபாய். அவனைப் பார்க்கவில்லை. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. "அவதான் மாட்டேன்றா. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

மதி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வரேன்பா" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள்.